‘பொதுமக்கள்’ என்போர் எத்தனை பேர்? இந்தியக் கம்பெனிச் சட்டத்தில் ஓர் எண்ணின் வரலாறு

2012ஆம் ஆண்டின் தீர்ப்பை அடுத்துச் செபியிடம் வந்து சேர்ந்த ஆவணங்கள் 127 சரக்கு லாரிகளில் ஏற்றப்பட்டிருந்தன. அட்டைப் பெட்டிகள் மட்டும் 31,000க்கு மேல். மூன்று கோடிக்கும் அதிகமான விண்ணப்பப் படிவங்கள், இரண்டு கோடி அளவிலான பணமீட்புச் சீட்டுகள் அவற்றுள் இருந்ததாகக் கூறப்பட்டது. இந்திய மூலதனச் சந்தையின் வரலாற்றில் எந்தப் பொது வெளியீட்டுக்கும் இத்தனை படிவங்கள் குவிந்ததில்லை. ஆனால் அவற்றை அனுப்பிய இரு கம்பெனிகளும் தாங்கள் பொது வெளியீடே செய்யவில்லை என்று கடைசிவரை வாதிட்டவை. ‘நண்பர்கள், உடன் பணியாற்றுவோர், குழும நிறுவனங்கள், ஊழியர்கள், குழுமத்தோடு தொடர்புடைய பிறர்’ ஆகியோருக்கு மட்டுமே கடன் பத்திரங்களைத் தனிமுறையில் ஒதுக்கினோம் என்பதே அவற்றின் நிலைப்பாடு.

மூன்று கோடி நண்பர்கள் என்பது இன்று நகைப்புக்குரிய வாதமாகத் தோன்றலாம். ஆயினும் அந்த வாதம் செபி, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் ஆகிய மூன்று மன்றங்களிலும் நாட்டின் முன்னணி வழக்கறிஞர்களால் முன்வைக்கப்பட்டது. அது எளிதில் தள்ளத்தக்கதாக இருந்திருந்தால் உச்ச நீதிமன்றம் நூற்றுக்கணக்கான பக்கங்களில் இரு தனித்தனித் தீர்ப்புரைகளை எழுத வேண்டியிருந்திராது. அந்த வாதத்திற்கு இடமளித்த சந்து சட்டத்திலேயே இருந்தது. அது எப்படி உண்டாயிற்று என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கம்பெனிச் சட்டத்தின் அடிப்படைப் பிரிவினை ஒன்று உண்டு. பொதுமக்களிடம் பணம் திரட்டும் கம்பெனி தன் உள்விவரங்களைத் தகவலறிக்கை வழியாக வெளிப்படுத்த வேண்டும். தமக்குள் பணம் போட்டுத் தொழில் செய்வோருக்கு அந்தக் கடமை இல்லை. இங்கிலாந்தின் 1907ஆம் ஆண்டுச் சட்டம் ‘தனியார் கம்பெனி’ என்ற வகையை வரையறுத்தபோது அதன் உறுப்பினர் எண்ணிக்கைக்கு 50 என்ற வரம்பை வைத்தது. 1913ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டம் அதனை அவ்வாறே எடுத்துக்கொண்டது. ஏன் 50, ஏன் 40 அல்லது 75 அன்று என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் கிடையாது. ஒரு கூட்டுக் குடும்பத் தொழிலிலோ வணிகக் கூட்டிலோ ஒருவரையொருவர் அறிந்திருக்கக்கூடிய மனிதர்களின் மேல்வரம்பு ஏறத்தாழ அதுவாக இருக்கலாம் என்ற உத்தேசம் மட்டுமே அதன் பின்னிருந்ததாகக் கொள்ளலாம். இங்கிலாந்து 1980இல் இந்த வரம்பைக் கைவிட்டது. இந்தியாவோ அந்த எண்ணை விடவில்லை.

உறுப்பினர் எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி. பங்கையோ கடன் பத்திரத்தையோ எத்தனை பேரிடம் நீட்டினால் அது ‘பொதுமக்களிடம்’ நீட்டியதாகும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு ஆங்கிலேயச் சட்டம் நெடுங்காலம் எண்ணால் விடை சொல்லவில்லை. 1929இல் பிரபுக்கள் சபை தீர்த்த நாஷ் எதிர் லிண்ட் வழக்கு இதற்குச் சான்று. ‘முற்றிலும் தனிப்பட்டது, இரகசியமானது’ என்று குறிக்கப்பட்ட ஆவணம் ஒன்று சில கைகள் மாறி ஒரு முதலீட்டாளரை அடைந்தது. அது தகவலறிக்கை ஆகுமா என்பது வழக்கு. ஆகாது என்றது சபை. பொதுமக்கள் என்ற சொல்லுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை ஏதுமில்லை, இருவரிலிருந்து எல்லையற்றோர் வரை எதுவும் பொருந்தலாம் என்னும் கருத்தில் சம்னர் பிரபு அங்கே குறிப்பிட்டார். முன்வைப்பின் தன்மையே அளவுகோல் என்பது அதன் உட்பொருள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1953இல் இன்னும் ஒரு படி சென்றது. ரால்ஸ்டன் பியூரினா என்ற தீவன உற்பத்தி நிறுவனம் தன் ‘முக்கிய ஊழியர்களுக்கு’ மட்டுமே பங்கு விற்றதாகக் கூறியது. அந்த முக்கிய ஊழியர் பட்டியலில் அடுமனை மேற்பார்வையாளர், மின்பணியாளர், எழுத்தர், சுருக்கெழுத்தாளர் எல்லாரும் இருந்தனர். எத்தனை பேர் என்று எண்ணுவது சரியான சோதனை அன்று, அவர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் நிலையில் இருந்தார்களா, கம்பெனியின் உள்விவரங்கள் அவர்களுக்கு எட்டினவா என்பதே சோதனை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கோட்பாட்டளவில் இதைவிட நேர்த்தியான விடை இல்லை. ஆயினும் அமெரிக்க ஒழுங்குமுறையாளரும் இந்தக் கோட்பாட்டை மட்டும் நம்பி வாழவில்லை. 1935இலேயே 25 பேர் என்ற உத்தேச எண்ணை ஆணையத்தின் சட்ட ஆலோசகர் கூறியிருந்தார். 1982இன் விதிகளில் தகுதி பெறாத முதலீட்டாளர் 35 பேர் என்ற எண் மீண்டும் நுழைந்தது. எண்ணின்றி நிர்வாகம் செய்ய எவராலும் இயலவில்லை போலும்.

இந்தியாவின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 67இல் ஆங்கிலேய வழியையே பின்பற்றியது. பொதுமக்களின் எந்த ஒரு பகுதியினருக்கு முன்வைத்தாலும் அது பொது முன்வைப்பே என்று பிரிவின் முற்பகுதி கூறும். மூன்றாம் உட்பிரிவு அதற்கு இரு விலக்குகள் அளிக்கும். பெற்றவரைத் தவிர வேறெவர் கைக்கும் அந்தப் பத்திரம் போகாது என்ற அமைப்பு இருந்தால் அது ஒன்று. கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் இடையிலான ‘வீட்டு விவகாரம்’ என்று கொள்ளத்தக்கதாக இருந்தால் அது மற்றொன்று. வீடு என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சுதந்திரத்திற்குப் பின் பல பத்தாண்டுகளில் இந்த விலக்குகள் பெருஞ்சிக்கலை உண்டாக்கவில்லை. காரணம், கம்பெனிகள் மூலதனம் திரட்டுவதே தில்லியின் பிடியில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1943 மே மாதம் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் வந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாடு, போர் முடிந்தபின் 1947ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. போர்க்காலத் தற்காலிக ஏற்பாடொன்று அரை நூற்றாண்டு நீடித்தது இந்திய நிர்வாக வரலாற்றில் புதுமையன்று. எவ்வளவு திரட்டலாம், பங்கை என்ன விலைக்கு விற்கலாம் என்பதை மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் என்ற அதிகாரி தீர்மானித்தார். 1992 மே மாதம் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1988இல் நிர்வாக ஆணையால் அமைக்கப்பட்டிருந்த செபி அதே ஆண்டு சட்டபூர்வ அதிகாரம் பெற்றது. விலையைக் கம்பெனியே நிர்ணயிக்கலாம், விவரங்களைச் சொன்னால் போதும் என்ற புதிய ஒழுங்கு வந்தது.

புதிய ஒழுங்கு தகவலறிக்கையின்மீது நிற்பது. எனவே தகவலறிக்கை தராமல் தப்பும் வழி மதிப்புமிக்கதாயிற்று. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பொது வெளியீடு செய்து பணம் திரட்டிய பின் முகவரியே இல்லாமல் போன ‘மறைந்த கம்பெனிகள்’ ஒருபுறம். பொது வெளியீட்டின் செலவும் கெடுபிடியும் வேண்டாமென்று கடன் பத்திரங்களைத் தனிமுறை ஒதுக்கீடு என்ற பெயரில் பெருந்தொகையினருக்கு விற்றவர்கள் மறுபுறம். பத்தாண்டின் இறுதியில் கம்பெனிக் கடன் பத்திரச் சந்தையின் பெரும்பகுதி தனிமுறை ஒதுக்கீடாகவே மாறியிருந்தது.

இதற்கு விடையாகவே 2000ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பிரிவு 67(3)க்கு ஒரு வரம்புரை சேர்த்தது. அவ்வாண்டு டிசம்பர் 13 முதல், 50 பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ முன்வைக்கப்படும் எதற்கும் அந்த இரு விலக்குகளும் பொருந்தா. 1913இல் தனியார் கம்பெனியின் வாசலில் நின்ற அதே எண், வேறொரு வாசலில் மீண்டும் காவல் நிறுத்தப்பட்டது. வங்கியல்லா நிதி நிறுவனங்களுக்கும் பொது நிதி நிறுவனங்களுக்கும் மட்டும் விதிவிலக்கு.

அதே திருத்தம் பிரிவு 55அ என்ற ஒன்றையும் புகுத்தியது. பத்திர வெளியீடு, மாற்றம் முதலியவற்றில், பட்டியலிட்ட கம்பெனிகளையும் ‘பட்டியலிட எண்ணும்’ கம்பெனிகளையும் செபி பார்த்துக்கொள்ளும்; ஏனையவற்றை மத்திய அரசு பார்த்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். அதிகாரப் பங்கீடு என்ற அளவில் இது நியாயமானதே. ஆனால் ‘எண்ணும்’ என்ற ஒரு சொல் அங்கே தங்கிவிட்டது. பட்டியலிட எண்ணமே இல்லாத ஒரு கம்பெனி மூன்று கோடிப் பேரிடம் பணம் வாங்கினால் அதை யார் பார்ப்பது? திருத்தத்தை வரைந்தவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை என்றே கொள்ள வேண்டும். அப்படியொரு கம்பெனி இருக்கக்கூடும் என்று 2000இல் எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

சஹாரா குழுமம் 1978இல் கோரக்பூரில் சிறு சேமிப்புத் திரட்டலோடு வேரூன்றியது. நாள்தோறும் வீடு தேடி வந்து சில ரூபாய்களை வாங்கிச் செல்லும் முகவர் அதன் உயிர்நாடி. வங்கிக் கிளை எட்டாத கிழக்கு உத்தரப் பிரதேசம், பீகார் போன்ற பகுதிகளில் அந்த முகவர் பெரும்பாலும் அண்டை வீட்டாராகவோ உறவினராகவோ இருந்தார். வங்கிக் கிளை மேலாளரைவிட அவரை நம்புவதற்கு மக்களுக்குக் காரணம் இருந்தது. குழுமம் தன்னை ‘சஹாரா இந்தியா பரிவார்’ என்று அழைத்துக்கொண்டது. பரிவார் என்றால் குடும்பம். அதன் தலைவர் சுப்ரதா ராய் தம்மை நிர்வாகத் தொழிலாளி என்று குறிப்பிட்டுக்கொண்டார். சட்டத்தின் ‘வீட்டு விவகாரம்’ என்ற விலக்கையும் குழுமத்தின் ‘குடும்பம்’ என்ற பெயரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தனிமுறை ஒதுக்கீடு என்ற வாதம் வழக்கறிஞர்கள் பின்னர் புனைந்தது மட்டுமன்று என்பது புலப்படும். அந்த நிறுவனம் தன்னைப் பற்றி நெடுங்காலம் சொல்லிவந்த கதையின் சட்ட வடிவம் அது.

அந்தச் சேமிப்புத் தொழிலை ரிசர்வ் வங்கி எண்பதுகளின் இறுதி முதல் ஒழுங்குபடுத்த முயன்றுவந்தது. கொல்கத்தாவின் பீர்லெஸ் நிறுவனம் தொடர்பாக 1992இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த வகை நிறுவனங்கள்மீது வங்கியின் பிடியை உறுதிசெய்தது. 2008 ஜூன் மாதம் சஹாரா இந்தியா ஃபைனான்ஷியல் கார்ப்பரேஷன் படிப்படியாக வைப்புத் தொகை திரட்டலைக் கைவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது.

ஆணைக்குச் சற்று முன்னரே மாற்றுப் பாதை திறக்கப்பட்டிருந்தது. சஹாரா இந்தியா ரியல் எஸ்டேட் கார்ப்பரேஷன் 2008 மார்ச்சில் பங்குதாரர் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, கான்பூரிலுள்ள கம்பெனிப் பதிவாளரிடம் தகவலறிக்கை ஒன்றைப் பதிவு செய்தது. விற்கப்பட்டது விருப்பப்படி முழுதும் பங்காக மாற்றிக்கொள்ளத்தக்க கடன் பத்திரம். ஏபோட், நிர்மாண், ரியல் எஸ்டேட் என்று மூன்று பெயர்களில் அவை வந்தன. பட்டியலிடும் எண்ணம் இல்லை என்று அந்த ஆவணத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 2009 அக்டோபரில் சஹாரா ஹவுசிங் இன்வெஸ்ட்மெண்ட் கார்ப்பரேஷன் மகாராஷ்டிரப் பதிவாளரிடம் இதையே செய்தது. ஏறத்தாழ 2,900 கிளைகளும் பத்து லட்சம் முகவர்களும் இப்பத்திரங்களை விற்றனர். முதற்கம்பெனி 2011 ஏப்ரல் வரை திரட்டியது 19,400 கோடி ரூபாய். இரண்டாவது 6,000 கோடிக்கு மேல்.

இரு பதிவாளர் அலுவலகங்களும் இந்த ஆவணங்களை ஏற்றுக்கொண்டன என்பது வரலாற்றாளர் நின்று கவனிக்க வேண்டிய இடம். பட்டியலிட எண்ணமில்லை, திரட்டப்போவதோ ஆயிரக்கணக்கான கோடி. இரண்டையும் ஒரே ஆவணத்தில் கண்ட பின்னும் பதிவு நிகழ்ந்தது. பதிவாளரின் பணி கட்டணமும் கையொப்பமும் சரிபார்ப்பதோடு முடிந்துவிடுகிறது என்ற காலனிய கால அலுவலகப் பழக்கமே இதற்கு அடிப்படை.

செபியின் பார்வைக்கு இது வந்த விதமும் எதிர்பாராதது. குழுமத்தின் வேறொரு கம்பெனியான சஹாரா பிரைம் சிட்டி 2009 செப்டம்பரில் பங்கு வெளியீட்டுக்காக வரைவுத் தகவலறிக்கையைச் செபியிடம் தாக்கல் செய்தது. குழுமக் கம்பெனிகளின் விவரம் கூறும் பகுதியில் இந்த இரு கம்பெனிகளின் கடன் பத்திரங்கள் இடம்பெற்றிருந்தன. வெளிப்படுத்தும் கடமையிலிருந்து விலகியிருந்த இரு கம்பெனிகள், வெளிப்படுத்தும் கடமைக்கு உட்பட்ட மூன்றாவது ஒன்றால் காட்டிக் கொடுக்கப்பட்டன. அடுத்த சில மாதங்களில் புகார்களும் வந்தன.

செபியின் முழுநேர உறுப்பினர் கே.எம். ஆபிரகாம் 2010 நவம்பரில் இடைக்கால ஆணையும், லக்னோ உயர் நீதிமன்ற அமர்வின் தடையும் அதன் நீக்கமும் கடந்து, 2011 ஜூன் 23 அன்று இறுதி ஆணையும் பிறப்பித்தார். அதே ஆண்டு அக்டோபரில் பத்திர மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. 2012 ஆகஸ்ட் 31 அன்று நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஜே.எஸ். கேஹர் ஆகியோர் தீர்ப்பளித்தனர். செபிக்காக வாதிட்டவர் சென்னையின் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதார்.

தீர்ப்பின் மையம், ‘எண்ணும்’ என்ற அந்த ஒரு சொல்லை அவிழ்த்த விதத்தில் இருக்கிறது. 50 பேருக்கு மேல் முன்வைத்தால் பிரிவு 67(3)இன் வரம்புரைப்படி அது பொது வெளியீடு. பொது வெளியீடு செய்யும் கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலிட விண்ணப்பிக்க வேண்டும் என்பது பிரிவு 73இன் கட்டாயம். ஆகவே எண்ணம் என்பது இயக்குநர்களின் மனத்தில் தேட வேண்டிய பொருள் அன்று. செயலிலிருந்து சட்டம் வருவித்துக்கொள்ளும் ஒன்று. பட்டியலிடக் கடமைப்பட்டவன் பட்டியலிட எண்ணியவனாகவே கொள்ளப்படுவான், எனவே செபிக்கு அதிகாரம் உண்டு. பங்காக மாறும் வாய்ப்புள்ள கலப்புப் பத்திரங்களும் ‘பத்திரங்கள்’ என்ற வரையறைக்குள் வரும் என்றும் நீதிமன்றம் கூறியது. திரட்டிய பணம் முழுவதையும் 15 விழுக்காடு வட்டியோடு செபியிடம் செலுத்த வேண்டும், செபி அதை முதலீட்டாளருக்குத் திருப்பித் தர வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி பி.என். அகர்வால் மேற்பார்வையிடுவார் என்பன உத்தரவுகள்.

வாத முறை என்ற அளவில் இது நன்கு கட்டப்பட்டது. ஆயினும் அதன் முழுப் பாரமும் 50 என்ற எண்ணின்மீதே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ரால்ஸ்டன் பியூரினாவின் வழியில், கோரக்பூர்க் கிராமமொன்றில் நாளொன்றுக்குச் சில ரூபாய் சேமிப்பவருக்குக் கலப்புக் கடன் பத்திரத்தின் ஏற்ற இறக்கம் விளங்குமா, தம்மைக் காத்துக்கொள்ளும் நிலையில் அவர் இருந்தாரா என்ற கேள்வியை எழுப்பியிருந்தால் முடிவு இதுவாகவே இருந்திருக்கும்; பாதை வேறாக இருந்திருக்கும். இந்தியச் சட்டம் தலைகளை எண்ணும் பாதையைத் தேர்ந்துகொண்டது.

எண்ணும் பாதையின் முரண் உடனே வெளிப்பட்டது. தலைகளை எண்ண முடியவில்லை. குழுமம் அளித்த முதலீட்டாளர் பட்டியலிலிருந்து சில பதிவுகளை எடுத்துப் பார்த்த நீதிபதி கேஹர், பெயர்களும் முகவரிகளும் இருந்த விதத்தைக் கண்டு, இவர்கள் உண்மையில் இருக்கிறார்களா என்ற ஐயத்தைத் தம் தீர்ப்புரையிலேயே எழுதினார். குழுமமோ பெரும்பாலான பணத்தை ஏற்கெனவே ரொக்கமாகத் திருப்பித் தந்துவிட்டதாகக் கூறியது. நீதிமன்றம் அதை நம்பவில்லை. 2014 மார்ச்சில் சுப்ரதா ராய் திகார் சிறைக்கு அனுப்பப்பட்டார். 2016 மே மாதம் தாயின் மறைவை ஒட்டிப் பரோலில் வந்தவர் 2023 நவம்பரில் மறைந்தார்.

குழுமத்திடமிருந்து பெறப்பட்டு வங்கிகளில் இடப்பட்ட தொகை வட்டியோடு 2023 மார்ச்சில் 25,000 கோடி ரூபாயைக் கடந்திருந்தது. அதுவரை செபி முதலீட்டாளருக்குத் திருப்பித் தந்தது வட்டியும் சேர்த்து 138 கோடி. விண்ணப்பித்தவர்கள் இருபதாயிரத்தை எட்டவில்லை. 2018 ஜூலைக்குப் பின் வந்த விண்ணப்பங்கள் காலங்கடந்தவை என ஒதுக்கப்பட்டன. இந்தப் புள்ளியில் அறிஞர் கருத்து இரண்டாகப் பிரிகிறது. முதலீட்டாளர் பலர் புனையப்பட்டவர்கள், கணக்கில் வராத பணத்திற்கு இடப்பட்ட பெயர்கள் என்பார் ஒரு சாரார். உண்மையான முதலீட்டாளர்களின் பத்திரங்கள் முகவர் வழியாகக் குழுமத்தின் வேறு திட்டங்களுக்கு மாற்றப்பட்டுவிட்டன, ஆகையால்தான் அவர்கள் செபியின் கதவைத் தட்டவில்லை என்பார் மற்றவர். நாளிதழ் விளம்பரம் கண்டு, மூலச் சான்றிதழைத் தேடியெடுத்து, வங்கிக் கணக்கு விவரத்தோடு மும்பைக்கு விண்ணப்பிக்கும் வசதியும் துணிவும் அந்த வகைச் சேமிப்பாளருக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்ற மூன்றாவது கேள்வியும் உண்டு. அது போதிய அளவு கேட்கப்படவில்லை.

இரண்டாவது விளக்கத்திற்கு வலுச் சேர்ப்பது அடுத்து நடந்தது. கடன் பத்திரப் பாதையும் அடைபட்ட காலத்தில் குழுமத்தின் திரட்டல் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நகர்ந்திருந்தது. லக்னோ, போபால், கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய நகரங்களைத் தலைமையிடமாகக் கொண்ட நான்கு சங்கங்கள். ரிசர்வ் வங்கியும் செபியும் எட்டாத இடம் அது. அதே முகவர், அதே வாசல், கையில் மட்டும் வேறு ரசீது. அந்தச் சங்கங்களின் பணமும் முடங்கியபின், செபி கணக்கில் செலுத்தப்பட்ட தொகையில் ஒரு பகுதி சங்கங்களிலிருந்தே எடுக்கப்பட்டது என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் மனு செய்தது. 2023 மார்ச் 29 அன்று 5,000 கோடி ரூபாயைக் கூட்டுறவுச் சங்கங்களின் மத்தியப் பதிவாளருக்கு மாற்ற நீதிமன்றம் அனுமதித்தது. அவ்வாண்டு ஜூலையில் திறக்கப்பட்ட இணைய வாயில் முதலில் ஒருவருக்கு 10,000 ரூபாய் வரையிலும், பின்னர் 50,000 வரையிலும் வழங்கியது. பத்திரம் வாங்கியவர்களுக்காகக் காத்திருந்த பணம் வைப்பு வைத்தவர்களிடம் சென்றது. இருவரும் ஒருவரே என்றால் இது நீதி. வெவ்வேறானவர் என்றால் இதற்கு வேறு பெயர் தேட வேண்டும். எவரென்று எண்ணிக் காட்டத்தக்க பதிவேடு இல்லை.

நாடாளுமன்றம் இதற்கிடையில் தன் விடையை எழுதியிருந்தது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பிரிவு 42 தனிமுறை ஒதுக்கீட்டை முதன்முறையாக விரிவாக வரையறுத்தது. எவரெவருக்கு முன்வைக்கப்படுகிறது என்பது பெயர் குறித்து முன்கூட்டியே பதிவாக வேண்டும், ரொக்கம் கூடாது, விளம்பரம் கூடாது, பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்குப் பின்னாலும் லக்னோவின் நிழல் தெரிகிறது. எண் மட்டும் இளகியது. 2014இன் விதிகள் ஒரு நிதியாண்டில் 200 பேர் என்று நிர்ணயித்தன. நிறுவன முதலீட்டாளரும் பங்குத் திட்டத்தின்கீழ் ஊழியரும் இதில் சேரமாட்டார். பங்கு, முன்னுரிமைப் பங்கு, கடன் பத்திரம் என ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே 200. தனியார் கம்பெனியின் உறுப்பினர் வரம்பும் அதே சட்டத்தில் 50இலிருந்து 200 ஆயிற்று. நூறாண்டுகளுக்குப் பின்னும் இரு எண்களும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒன்றாகவே வளர்கின்றன.

எண் மாறியதால் ஒரு விசித்திரக் கூட்டம் உருவாயிற்று: பழைய சட்டத்தின்கீழ் 50க்கு மேல் 200க்குள் முன்வைத்துக் குற்றவாளியானவர்கள், புதிய சட்டத்தில் குற்றமே செய்யாதவர்கள். இவர்களுக்காகச் செபி 2015 டிசம்பர் 31 அன்று சுற்றறிக்கை வெளியிட்டது. முதலீட்டாளருக்கு 15 விழுக்காடு வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பளித்தால் தண்டனை நடவடிக்கை தவிர்க்கப்படும். சஹாராத் தீர்ப்பின் வட்டி விகிதம் சிறிய கம்பெனிகளின் சமரச விலையாக நிலைபெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் மேற்கு வங்கம் முதலிய இடங்களின் பல சிறு கம்பெனிகள்மீது, ‘பொது வெளியீடாகக் கருதப்படுவது’ என்ற அடிப்படையில் செபி வரிசையாக ஆணைகள் பிறப்பித்தது. நாடளாவிய கவனம் பெறாத அந்த ஆணைகளே இத்தீர்ப்பின் உண்மையான அன்றாட வாழ்வு. ஆய்வு மாணவர் எவரேனும் அவற்றைத் தொகுத்து வாசித்தால் கிழக்கிந்தியச் சிறுநகரங்களின் நிதி வரலாறு ஒன்று கிடைக்கும்.

சாரதா, பி.ஏ.சி.எல். போன்ற பிறவற்றுக்கான விடை 2014இன் பத்திரச் சட்டங்கள் திருத்தச் சட்டமாக வந்தது. 100 கோடிக்கு மேல் திரட்டும் எந்தக் கூட்டுத் திட்டமும் செபியின் பார்வைக்குள் வரும் என்றும், சொத்துகளை முடக்கவும் நிலுவையை வசூலிக்கவும் செபிக்கு அதிகாரம் உண்டு என்றும் அது கூறியது. தலைகளுக்குப் பதில் ரூபாயை எண்ணும் அளவுகோல் இங்கே அறிமுகமானது. எந்த ஒழுங்குமுறையாளரின் கீழும் வராத வைப்புகளைத் தடை செய்யும் சட்டம் வர 2019 ஆயிற்று.

200 என்ற எண்ணின் சோதனை இப்போது வேறு தளத்தில் நடக்கிறது. ஒரு கம்பெனி தன் கடன் பத்திரத்தைத் தனிமுறையில் ஓரிருவருக்கு மட்டும் ஒதுக்குகிறது. அவர்கள் அதை இணையத் தளத்தில் ஏற்றிச் சிறு சிறு அளவாகக் கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் விற்றுவிடுகின்றனர். கம்பெனியின் ஏட்டில் எண்ணிக்கை 200ஐத் தாண்டவில்லை. பட்டியலிட்ட பத்திரங்களை விற்கும் இத்தகைய தளங்களை 2022 நவம்பரில் செபி பதிவுக்குள் கொண்டுவந்தது. தனிமுறையில் ஒதுக்கப்படும் கடன் பத்திரத்தின் முகமதிப்பு பத்து லட்சத்திலிருந்து ஒரு லட்சமாகவும், 2024இல் 10,000 ஆகவும் இறங்கியது. பட்டியலிடாத பத்திரங்களை விற்றவர்கள் வெளியே நின்றனர். ஒதுக்கீடு நடந்து ஆறு மாதத்திற்குள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வைத்தால், அந்த நோக்கத்தோடுதான் ஒதுக்கப்பட்டது என்று சட்டம் ஊகிக்கும். 1956இல் பிரிவு 64ஆக இருந்து, 2013இல் பிரிவு 25ஆக இலக்கம் மாறிய பழைய ஏற்பாடு அது. 2024 நவம்பரில் மூன்று தளங்கள்மீது செபி இடைக்கால ஆணை பிறப்பித்தது. தனிமுறையில் ஒதுக்கப்பட்ட பத்திரங்கள் குறுகிய காலத்தில் 200க்கும் மேற்பட்டோர் கைகளுக்குச் சென்றதாக முதல் நோக்கில் தெரிகிறது என்பது அதன் அடிப்படை. இம்முறை அட்டைப் பெட்டிகள் தேவைப்படவில்லை. வாங்கியவர் ஒவ்வொருவரின் நிரந்தரக் கணக்கு எண்ணும் மின்னணுப் பதிவில் இருக்கிறது.